27B வீட்டுக் குளியலறை விளக்கு

மரியே வாழ்க!

திண்டுக்கல்,
18.11.2008

27B-யில் குடியிருக்கும் அன்புத் தம்பி கிளெமென்டுக்கு, 27A-யிலிருந்து அண்ணன் பாஸ்கல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நான் சுகம். நீயும் சுகம் என்பது சுவர் வழியாக வரும் உன் இருமலில் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்குத் தபால் எழுதுகிறானே என்று சிரிக்காதே. பதினோரு வருஷத்துக்கு முன் கிணற்றடிச் சண்டையில் வீட்டைப் பாகம் பிரித்த அன்று "இனிமே உன்னோட பேச்சு இல்ல" என்றுதான் இருவரும் சொன்னோம். எழுத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

விஷயம் இன்வெர்ட்டர். தினமும் கரண்டை நிறுத்துகிறார்களே, அப்பா தனியாக இருட்டில் உட்கார வேண்டாம் என்று மகள் ரீனா வாங்கி வைத்துவிட்டு பெங்களூர் போய்விட்டாள். மாட்ட வந்தவன் பாதுகாப்புக்கு என்று மீட்டருக்குப் பக்கத்தில், கோளாறு வந்தால் கரண்டை வெட்டுகிற டிரிப்பர் ஒன்றையும் மாட்டினான். அன்று பிடித்தது சனியன். தினமும் விடியற்காலை நாலே முக்காலுக்கு டிரிப்பர் படக்கென்று விழுகிறது, தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது, கால் மணி நேரம் கழித்துத் தூக்கினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறது. கவனிக்காமல் விட்டேனோ, ஊரிலேயே கரண்ட் இல்லை என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. பிறகு நிஜமாகக் கரண்ட் போகும்போது அதற்கு மூச்சில்லை. மாட்டினவர்கள் மூன்று முறை பகலில் வந்து, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான் ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டு நிறுத்தினேன், வெஞ்சனம் எல்லாம் கெட்டுப்போனது. மிக்ஸியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில், உன் அண்ணி ஆனந்தமேரி போன பிறகு இரண்டு வருஷமாக யாரும் தொடாத அயர்ன் பாக்ஸையும் பிளக்கிலிருந்து உருவினேன். உருவிவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் இப்போது இன்வெர்ட்டர் போடும் கீச்சுச் சத்தம் தவிர வேறு பேச்சில்லை, கிளெமென்ட்.

முந்தாநாள் எலக்ட்ரீசியன் ராயப்பராஜ் முதல் பூசைக்குப் போகிற வழியில் நாலரைக்கே வந்தான். வீட்டில் இருந்த ஃபியூஸ் அத்தனையையும் பிடுங்கி மேசையில் வைத்தான். அப்படியும் டிரிப்பர் விழுந்தது! அதே நேரம் சுவருக்குப் பின்னால் உன் குளியலறையிலிருந்து, "அட நாசமாப் போக, இந்த பல்பும் போச்சா!" என்று உன் குரல். ராயப்பராஜ் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"சார், உங்க வீட்டுல தப்பே இல்ல. தப்பு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அதைத்தான்யா நானும் பதினோரு வருஷமாச் சொல்றேன்!"

"அது இல்ல சார். போன கரண்ட் அம்புட்டும் திரும்பி வருதான்னு பாக்குறதுதான் டிரிப்பருக்கு வேலை. இங்கருந்து போகாத கரண்ட் திரும்பி வந்தா விழுந்துரும். உங்க தம்பி பாத்ரூம் லைட்டுக்கு லைன் அவரு மீட்டர்ல இருந்து போகுது. திரும்பி வாரது உங்க நியூட்ரல் வயர்ல."

ஆக, கூடத்தைப் பிரித்தோம், மீட்டரைப் பிரித்தோம், கிணற்றுக்குள்ளும் சுவரை இறக்கினோம், உன் விளக்கின் ஒரே ஒரு வயரை மறந்துவிட்டோம். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் நடத்தியவன் வீட்டில் இந்த லட்சணம். நீ சுவிட்சைத் தட்டினால் என் டிரிப்பர் விழும், அது விழுந்தால் உன் விளக்கும் அணையும். இனி பல்புக் கடைக்காரனைத் திட்டாதே, நீ இதுவரை மாற்றிய ஏழு பல்பு போதும். உன் பெண்டாட்டி ஐரினும் மகளுடைய பேறுகாலத்துக்குப் போய்விட்டாள். இருட்டில் வழுக்கி விழுந்தால் உன்னைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

அந்த வயரைப் பிரிக்க உன் குளியலறைச் சுவரில் உள்ள பெட்டியைத் திறக்க வேண்டுமாம். ராயப்பராஜை உள்ளே விடச் சம்மதமா? நான் கூட வரமாட்டேன், பயப்படாதே. பதிலைத் தபாலில் போடு. உனக்கும் ஐரினுக்கும், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கும் மாதா துணை இருப்பாளாக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பாஸ்கல்

பி.கு.: மேலே ஒரு பொய் எழுதிட்டேன். பெட்டி என் பக்கத்துச் சுவத்துலதான் இருக்கு, பத்து நிமிஷ வேலை. ராயப்பராஜ் ஸ்குரூடிரைவரைக்கூட எடுத்துட்டான். நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு அனுப்பிட்டேன். இன்னைக்குக் காலையில டிரிப்பர் விழல. அஞ்சு ஆச்சு, அஞ்சரை ஆச்சு, விழல. உனக்கு என்னமோ ஏதோன்னு சட்டையை மாட்டிக்கிட்டு உன் கேட் வரைக்கும் வந்துட்டேன். உள்ள வாளி உருளுற சத்தம் கேட்டதும்தான் உசுரு வந்துச்சு, திரும்பிட்டேன். மெழுகுவத்தி வச்சுக் குளிக்கிறியாக்கும்? சுவிட்சைத் தொடாம மட்டும் இருந்துராத அப்பு, நீ எந்திரிச்சிட்டேன்னு எனக்கு வேற எப்படித் தெரியும்? வெளிச்சம் வேணும்னா என் வீட்டுல வந்து குளி. நாலரைக்கே கதவைத் தொறந்து வச்சிருப்பேன்.