உட்காராத விருந்தாளி

மேடம் மூன்றாவது தடவையும் உட்காரவில்லை.

முத்துச்செல்வி நாற்காலியைத் துடைத்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக் கையைக் காட்டினாள். ஃபோலகே மேடம் சிரித்தபடி தலையை அசைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்று காப்பியைக் குடித்தார்.

குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்காராமல் நின்றால் அதற்கு இரண்டே அர்த்தம். இழவு சொல்ல வந்திருக்கிறார். அல்லது மனத்தாங்கலோடு வந்திருக்கிறார். மேடம் நைஜீரியாக்காரர். மேலகரத்தில் அவர் இழவு சொல்ல ஆளில்லை. ஆகவே மனத்தாங்கல்தான்.

மனத்தாங்கல் வரவே கூடாத ஆள் அவர். முத்துச்செல்வியின் ஒரே மகன் மகாராஜாவுக்கு லாகோஸில் வேலை. அந்தக் கம்பெனியில் மேடம்தான் பெரிய அதிகாரி. அவன் சென்னைக்கு மாற்றல் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். திருவனந்தபுரத்தில் ஏதோ வைத்தியம் முடித்து, குற்றாலத்துச் சாரலில் ஓய்வெடுக்க வந்திருந்தார். "நம்ம வீட்லயே தங்கட்டும். நல்லாப் பாத்துக்கம்மா" என்று மகன் சொல்லியிருந்தான்.

"பிளாஸ்டிக் சேர்ல அவ்வளவு பெரிய ஆபீசர் உக்காருவாவளா?" என்றார் கணவர் சொரிமுத்து. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பக்கத்து வீட்டு இசக்கிசெல்வியின் சோபா வந்தது. வாசல் நிலையில் இடித்து அதன் ஒரு கால் போனது. செங்கல் வைத்து நிறுத்தினார்கள். மேடம் சோபாவை மெச்சினார். தடவிப் பார்த்தார். உட்காரவில்லை.

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். "மேடம், சிட் டவுன்."

அணிவகுப்பு மைதானத்துக் குரல். "நோ, தேங்க் யூ, சார்" என்று மேடம் இன்னும் விறைப்பாக நின்றார்.

"ஏன் அதட்டுதீய?"

"அதட்டல. சொன்னேன்."

சாப்பாடும் நின்றபடிதான். அதன்பின் அறைக்குப் போனவரை எட்டிப் பார்த்த முத்துச்செல்வி கணவரிடம் ஓடி வந்தாள்.

"குப்புறப் படுத்து அழுதாவ."

"சத்தம் கேட்டுச்சா?"

"சத்தமில்லாம அழுதாவ. தலகாணியில மூஞ்சியப் பொதச்சிக்கிட்டு."

மகனுக்குப் போன் போட்டாள். "ஏலே மக்கா, உங்க மேடம் ஏன் உக்கார மாட்டேங்காவ?"

அந்தப் பக்கம் அவன் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எம்மா, அதக் கேக்காத" என்றான்.

"கோவமா?"

"கோவம்லாம் இல்ல. கேக்காதம்மா. அப்பாவும் கேக்க வேண்டாம்."

வைத்துவிட்டான். அத்தனை அவசரமாகக் 'கோவம்லாம் இல்ல' என்றதிலேயே கோபம் உறுதியாயிற்று.

சோபாவின் காலைப் பார்க்க வந்த இசக்கிசெல்வி வேறொன்றைக் கண்டுபிடித்தாள்.

"மதினி, நீங்க அங்கன திரும்புனா போதும், அவிய உங்க மேலருந்து கண்ண எடுக்க மாட்டேங்காவ. சேலையில கிழிசலா?"

கிழிசல் இல்லை. இருந்தும் முத்துச்செல்வி பட்டுச்சேலைக்கு மாறினாள். பட்டோடு பாத்திரம் தேய்த்தாள், பட்டோடு வீட்டைப் பெருக்கினாள். மேடம் இன்னும் உன்னிப்பாகக் கவனித்தார். ஒரு தடவை தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒருவேளை வலியா இருக்கும்" என்றாள் இசக்கிசெல்வி. "அவ்வளவு தூரம் ப்ளேன்ல வந்தவிய. எண்ணெய் தேச்சா சரியாப் போயிரும்."

குற்றாலத்தில் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் பேராச்சி வந்தாள். கிண்ணத்தோடு அறைக்குள் போனாள். குப்புறப் படுத்திருந்தவரின் இடுப்பில் உள்ளங்கையை வைத்தாள். மேடத்தின் அலறல் தெருமுனைவரை கேட்டது.

பேராச்சி எண்ணெய் சிந்த வெளியே வந்தாள். "எத்தன ஒடம்பத் தேச்சிருக்கேன். தொட்டதுக்கே கத்துன ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்."

தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். மேடமும் வெளியே வந்து நின்றார். விருந்தாளி நிற்கும்போது எப்படி உட்காருவது என்று எல்லோரும் நின்றார்கள். சோபா மட்டும் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது.

முத்துச்செல்வி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு எம்மேலதான். எம்மவன் நல்லவன். அவன ஊருக்கு விட்டிருங்க."

மேடம் புரியாமல் விழித்தார். அந்த நேரத்தில், மேடத்துக்குக் கட்டு மாற்ற திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்திருந்த நர்ஸ் சத்யபிரியா தென்காசியிலிருந்து வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்னாச்சு?" என்றாள்.

"எங்க மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லு தாயி. உக்காரவே மாட்டேங்காவ."

சத்யபிரியா ஆங்கிலத்தில் கேட்டாள். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, மறைக்க எதுவுமில்லாதவரின் குரலில் பேசினார். வயிற்றைக் காட்டினார். பின்புறத்தைக் காட்டினார். சொரிமுத்து வாசல் பக்கம் நழுவினார்.

"கோவம்லாம் இல்லம்மா. ஆப்பரேசன். வயித்துச் சதைய எடுத்துப் பின்னால வச்சிருக்கு. கொஞ்ச நாளைக்கு உக்காரவும் கூடாது, மல்லாந்து படுக்கவும் கூடாது."

"எதுக்குப் பின்னால?"

"அழகுக்கு. இவிய சேக்காளி ஒருத்தி பிள்ள பெத்த வயித்தச் சரி பண்ணுனாளாம். ஒருத்தி மூக்க. இன்னொருத்தி ஒண்ணுமே வேண்டாம்னுட்டாளாம். 'எனக்கு இதுதான் பிடிச்சுது, யாரு கேட்டாலும் சொல்லுவேன்'ங்காவ."

"நான் இது குறையணும்னுதான் விடியக்காலையில செங்கோட்டை ரோட்டுல நடக்கேன்" என்றாள் இசக்கிசெல்வி.

முத்துச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப எம்மவன் மாற்றல்?"

"கெளம்புறதுக்கு முன்னயே கையெழுத்துப் போட்டாச்சாம்."

"நல்லா இருக்கணும். அப்புறம் ஏன் என்னையே அப்படி பாத்தாவ? அதையும் கேளு."

மேடம் தன் போனை எடுத்து நீட்டினார். கோயில் கொடை விழாவில் முத்துச்செல்வி பால்குடத்தோடு நடந்துபோகும் படம். மகாராஜா பின்னாலிருந்து எடுத்து, லாகோஸ் ஆபீஸில் மேசைமேல் வைத்திருப்பது.

சத்யபிரியா படத்தைப் பார்த்தாள், முத்துச்செல்வியைப் பார்த்தாள், மேடம் சொன்னதை அப்படியே சொன்னாள்:

"'டாக்டர்ட்ட இந்தப் படத்தக் காட்டித்தான் இதே மாதிரி வேணும்னேன், சரியா வந்திருக்கான்னு ஒப்பிட்டுப் பாத்தேன்'ங்காவ."