ஃபேன்காரரின் பதினோரு சுற்று

நீலகிரி மாவட்டத்தில் ஃபேன் தேவைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஃபேன்காரர்தான். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவுக்குக் கீழே இருக்கிறது எங்கள் பன்னிரண்டு வீட்டுக் காலனி. எந்த வீட்டுக் கூரையிலும் ஃபேன் மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. மே மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுவதையே ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் ஆளுயர ஃபேன் ஒன்றை வாங்கி, அதை முதுகில் மாட்டிக்கொண்டு, ஆகாயத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

பாராமோட்டார் என்று அதற்குப் பெயர். முதுகில் இஞ்சின், அதற்குப் பின்னால் காற்றாடி, தலைக்கு மேலே பிறை வடிவில் விரியும் துணி இறக்கை, கீழே தொங்கும் இரண்டு கால்கள். அந்தக் கால்களில் கம்பளி சாக்ஸ். தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் மங்கி குல்லா.

அவர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். பறித்து வந்த பச்சை இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேன்களால் காற்று விட்டு வாட்டுவார்கள். அந்த ஃபேன்கள்தான் முப்பது வருஷம் அவர் பொறுப்பு. ஏன் இந்தப் பறக்கிற வேலை உங்களுக்கு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

“முப்பது வருஷமா இலைக்கே காத்து விட்டுட்டு இருந்தனுங்க. ரிட்டயர் ஆயி நமக்கும் கொஞ்சம் விட்டுப் பாக்கலாம்னு தோணுச்சுங்க.”

வடக்கே எங்கோ போய் முறையாகக் கற்றுக்கொண்டு வந்தார். டெல்லிக் காகிதம், போலீஸ் காகிதம், டாக்டர் காகிதம், ராணுவ எல்லைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த காகிதம் என்று எல்லாம் ஒரு ஃபைலில் பத்திரமாக இருக்கும். ஃபேக்டரி கிரவுண்டின் சரிவில் அவர் ஓடுவார். பின்னால் நான்கு நாய்கள் ஓடும். ஒரு கட்டத்தில் நாய்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி என்னைப் பற்றி. திருப்பூரில் வங்கி வேலையில் இருந்தேன். கீழ்வீட்டில் பனியன் தைக்கும் மெஷின்கள் விடிய விடிய ஓடும். அந்தச் சத்தத்தில்தான் என்னால் நாவல் எழுத முடியவில்லை என்று முப்பத்தைந்து வருஷம் நம்பினேன். ஓய்வு பெற்றதும் அமைதி தேடி மலை ஏறினேன். முதல் அத்தியாயத்தில் கதாநாயகியைப் பனிமூட்டத்தில் நிறுத்தினேன். நாலு வருஷமாக அங்கேயே நிற்கிறாள். இந்நேரம் ஜலதோஷம் பிடித்திருக்கும். குரங்கு மீதும் குக்கர் விசில் மீதும் பழி போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் காரணம் வானத்திலிருந்தே வந்து இறங்கியது.

அன்று காலை பனி பாதி கலைந்திருந்தது. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தன. வாசலில் நாற்காலி போட்டு, பேனாவைத் திறந்து, கதாநாயகியை ஓரடி நகர்த்தலாம் என்று இருந்தபோது, நூறு தையல் மெஷின்கள் மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி வருவதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்தேன். வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே, சாவகாசமாக வந்தார். என் தலைக்கு மேலே இஞ்சினைத் தணித்தார்.

“ஏனுங்க, டீ ஆச்சுங்களா?”

கொங்குப் பக்கத்து மரியாதை அது. ஒருவர் வாசலைத் தாண்டும்போது ஒரு வார்த்தை கேட்காமல் போகக் கூடாது. நடந்து போகிறவருக்கு இருக்கும் அந்தக் கடமை பறந்து போகிறவருக்கும் உண்டு என்பது ஃபேன்காரரின் கட்சி. பன்னிரண்டு வீட்டு வாசலிலும் கேட்பார். பக்கத்து வீட்டு ரோஸி டீச்சர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், ரோஜாச் செடிக்கு நடுவிலிருந்து நிமிராமலே, “ஆச்சு, ஆச்சு, மரத்தைப் பாத்துப் போங்க” என்பார். அவர் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

நான் பதில் சொல்லவில்லை. என் அமைதியைக் குலைத்தவருக்கு என் டீ விவரம் எதற்கு? பேனாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவர் ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி கேட்டார். நான் இன்னும் கம்பீரமாகப் பேனாவைப் பார்த்தேன். இன்னொரு சுற்று. அவருக்குப் பொறுமை அதிகம். எனக்கு வீம்பு அதிகம். பதினோராவது சுற்றில் என் மனைவி கரண்டியோடு வெளியே வந்து, “ஆச்சுங்கண்ணா, அவரும் குடிச்சுட்டாருங்க” என்று வானத்துக்குச் சொன்ன பிறகுதான் சத்தம் விலகியது.

இது தினப்படி நடந்தது. நான் சுற்றுகளை எண்ணத் தொடங்கினேன். பிறகு மனு எழுதினேன். ‘மேற்படி நபர் மேற்படி காற்றாடியுடன் எனது இல்லத்தின் மீது மட்டும், நோக்கம் இன்னதென்று தெரியாத வகையில், பதினோரு முறை வட்டமிடுகிறார்’ என்று மூன்று பக்கம். ஒரே காலையில் முடித்தேன். மனைவி முழுக்கப் படித்தாள்.

“ஏனுங்க, இந்த நாலு வருஷத்துல நீங்க எழுதி முடிச்சது இது ஒண்ணுதானுங்க.”

அவருடைய பறக்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய சமயம் அது. என் மனு சரியாக அந்த ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது. குன்னூரில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரணை நாளன்று பஸ் நிரம்பி வழிந்தது. ஏறி நின்று தவித்தபோது ஒரு கை என்னைக் கூப்பிட்டது. ஃபேன்காரர். பக்கத்து இருக்கையில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். வளைவில் எனக்கு வயிற்றைப் புரட்டும் என்று ஜன்னல் ஓரமாக விட்டார். என் மனு எத்தனை பக்கம் என்று ஆர்வமாக விசாரித்தார். மூன்று என்றதும், “பரவாலீங்க, கை நல்லா ஓடுது” என்று மனதாரப் பாராட்டினார். இரண்டு வளைவு தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடி சொன்னார்:

“இந்த வாட்டி காயிதம் நின்னுச்சுன்னா அவ்வளவுதானுங்க. அறுபத்திமூணு ஆச்சு. மறுபடி முதல்ல இருந்து டாக்டரு, டெல்லின்னு அலைய முடியாதுங்க. மெஷினை யாருக்காச்சும் குடுத்துற வேண்டியதுதான்.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல். அடுத்த வளைவு வரை மனுவின் நகலை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கினேன். பையில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

கோட்டாட்சியர் ஓர் இளம் பெண். விண்ணப்பத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். ‘பறப்பதன் நோக்கம்’ என்ற இடத்தில் ‘சும்மா’ என்று எழுதியிருந்தது. சாட்சிக்கு வந்திருந்த ரோஸி டீச்சர் முந்தின நாளே கெஞ்சியிருந்தாராம், காட்டெருமை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லப் பறக்கிறேன் என்று போடுங்கள் என்று. கோட்டாட்சியரும் நல்ல மனசுக்காரர். சுற்றுலா வளர்ச்சியா, விதை தூவுவதா, காட்டுத் தீ கண்காணிப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கரையேறிவிடலாம். ஃபேன்காரர் பிடித்துக்கொள்ளவில்லை.

“சும்மாதானுங்க மேடம். மேல போனா பனி நமக்குக் கீழ இருக்குமுங்க. தோட்டம், ரோடு, ஊடு எல்லாம் முழுகிப் போயி, சில்வர் ஓக்கு மரத்து நுனி மட்டும் தெரியும். சத்த நேரம் அதைப் பாத்துட்டு வந்துருவனுங்க. வேற ஒண்ணும் பண்றதில்லீங்க.”

அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கோட்டாட்சியர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் மனுவை எடுத்தார். ஒரே வீட்டின் மேல் ஏன் பதினோரு சுற்று என்று கேட்டார்.

“டீ ஆச்சுங்களான்னு கேட்டனுங்க. பதில் வரலீங்க. பதில் வாங்காம எப்படீங்க மேடம் போறது, தப்பா நினைச்சுக்குவாரில்லீங்களா?”

கோட்டாட்சியர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நீங்கள் ஏன் சார் பதில் சொல்லவில்லை என்று கேட்டார். கொள்கை என்றேன். எழுத்தர் அதையும் டைப் அடித்தார்.

நேரில் வந்து சத்தத்தைக் கேட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதாகவும், வியாழக்கிழமை காலை அவர் வழக்கம்போலப் பறக்கலாம் என்றும் முடிவாயிற்று.

வியாழக்கிழமை என் வாசலில் காலனியே கூடிவிட்டது. கோட்டாட்சியர், சத்தம் அளக்கும் கருவியோடு ஓர் உதவியாளர், ரோஸி டீச்சர், இலை பறிக்கப் போகும் வழியில் கூடையோடு நின்றுவிட்ட ஏழெட்டுப் பெண்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். இத்தனை வருஷத்தில் அந்தச் சரிவை நான் அப்படிக் கேட்டதே இல்லை. தகரக் கூரையிலிருந்து பனி சொட்டியது. எங்கோ கீழே மாட்டின் மணி. ஃபேக்டரியில் இலைக்குக் காற்று விடும் ஓயாத முனகல். யாரோ இருமினார்கள். என் வழக்குக்குக் கேடு வந்துவிடுமோ என்ற பதற்றத்தில், எல்லாரும் சத்தம் போடாமல் இருங்கள் என்று கத்தினேன். கருவியைப் பார்த்த உதவியாளர், அன்றைய காலையின் மிக அதிகச் சத்தம் இதுதான் என்று குறித்துக்கொண்டார்.

நேரம் கடந்தது. வெயில் பனிக்குள் பால்போலக் கரைந்துகொண்டிருந்தது. திடீரென்று கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி தரையைக் காட்டினாள். ஒரு நிழல். தேயிலை வரிசைகளின் மேல் ஏறி இறங்கி, கூடைகளைத் தொட்டு, ரோஸி டீச்சரின் ரோஜாக்களைத் தாண்டி, என் காகிதங்களின் மேல் ஒரு கணம் தங்கி நகர்ந்தது. தலைக்கு மேலே அவர் போய்க்கொண்டிருந்தார். காற்றாடி சுற்றவில்லை. பட்டுத்துணியை உதறுவதுபோல மெல்லிய சரசரப்பு மட்டும். ஒரு பெரிய சிவந்த இறக்கை எங்கள் எல்லாருக்கும் மேலாகக் கனவுபோல் கடந்து, ஃபேக்டரி கிரவுண்டு பக்கம் சரிந்து மறைந்தது.

சற்று நேரம் கழித்து, சத்தமே இல்லையே சார், என்றார் கோட்டாட்சியர். எழுதப் பேனாவைத் திறந்தார். என் வழக்கு செத்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஃபேன்காரர், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, மூச்சு வாங்க மேட்டில் ஏறி ஓடி வந்தார்.

“எழுதிராதீங்க மேடம். இன்னைக்கு இஞ்சினை அணைச்சுட்டு வந்துட்டனுங்க. நெசமா சத்தம் உண்டுங்க, அவரு எழுதுனது சரிதானுங்க.”

ரோஸி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனுஷனைக் காப்பாற்றக் கர்த்தராலும் முடியாது என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஏன் அணைத்தீர்கள் என்று கோட்டாட்சியர் கேட்டார்.

ஃபேன்காரர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “அங்கிருந்து பாத்தனுங்க. எல்லாரும் ஒண்ணா நின்னு மேல பாத்துட்டு இருந்தீங்க. இத்தனை பேரு வேலையை விட்டுப்போட்டு மேல பாத்து நான் பாத்ததே இல்லீங்க. சத்தம் போட்டு எதுக்குக் கலைக்கறதுன்னு அணைச்சுட்டனுங்க.”

கோட்டாட்சியர் என்னைப் பார்த்தார். புகார் கொடுத்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்றார். ஃபேன்காரர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷின் கை மாறிவிடும். மூன்று பக்கம் எழுதிய வழக்கை ஒரே வரியில் முடித்தேன். கொஞ்சம் உயரமாகப் போனால் போதும் மேடம் என்று மட்டும் சொன்னேன்.

அப்படியே உத்தரவு வந்தது. வாரத்தில் மூன்று நாள், காலை எட்டு மணிக்கு மேல், ஞாயிறு கிடையாது, வீடுகளுக்கு மேலே தாழப் பறக்கக் கூடாது. நோக்கம் என்ற இடத்தில் அவர் எழுதியதை யாரும் திருத்தவில்லை.

வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். இப்போது அவர் கட்டைவிரல் நகம் அளவு தெரிகிறார். சத்தம் ஒரு தேனீ அளவு. எதுவும் கேட்க முடியாத உயரம், ஒரே சுற்று, போய்விடுகிறார். என் கதாநாயகி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். பழி போட ஆள் இல்லாமல் தவிக்கிறேன்.

ஒரு மாலை அவர் நடந்தே வந்தார். எழுத்து நடக்கிறதா என்று அக்கறையாகக் கேட்டார். பிரமாதமாக நடக்கிறது என்றேன். கிளம்பும்போது தயங்கினார்.

“ஒரே ஒரு சங்கடமுங்க. அத்தனை மேல இருந்து பாத்தா பன்னெண்டு ஊடும் ஒரே தகரமாத் தெரியுதுங்க. உங்க ஊடு எதுன்னு அடையாளம் புடிக்க முடியலீங்க.”

அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் துணி காயப்போடும் வேலை இப்போது என்னுடையது. அவர் பறக்கிற மூன்று நாளும் எட்டு மணிக்கு முன்னால், பீரோவில் இருப்பதிலேயே சிவப்பான கம்பளியை எடுத்து, தகரத்தின் மேல் நான்கு மூலையும் விறைப்பாக விரித்துப் போடுகிறேன். அது நனைந்ததே இல்லை என்று மனைவி சொல்கிறாள்.