மாமனார் ஆவிக்கு ஒரு டம்ளர்

அந்த வருடம் ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆளெல்லாம் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள். ஆவிகளோடு பேச வழி சொல்லும் புத்தகம். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

சின்னராஜும் வாங்கினான். அட்டையில் எழுத்துகளை வட்டமாக எழுத வேண்டும். நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, ஆளுக்கொரு விரல் வைத்து, செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்தவர் டம்ளரை எழுத்தெழுத்தாக நகர்த்திப் பதில் சொல்வாராம். நிஜமாகவே நகருமா? கம்பெனியில் லேத் மெஷின் முன்னால் நிற்கும்போதும் அவனுக்கு இதே யோசனை.

வீட்டிலோ வேறு வம்பு. தளியில் தனியாக இருக்கும் தன் தாயார் வெங்கடம்மாளைக் கூட்டிவந்து கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவி ருக்மணி ஒற்றைக்காலில் நின்றாள். இருப்பதோ லைன் வீடு, ஒரே அறை. மாமியார் வந்தால் சின்னராஜ் தும்முவதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

"உங்கப்பாவையே கேட்டுப்புடலாம் ருக்கு. அவரு சொன்னா நான் கட்டுப்படுறேன்."

மாமனார் திம்மப்பன் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். மருமகன் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

தமிழில் உள்ள அத்தனை எழுத்துக்கும் அட்டையில் இடம் போதவில்லை. தனக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் எழுதிக்கொண்டான். இருவரும் விரல் வைத்தார்கள்.

"அப்பா, அம்மா இங்க வரலாமா?" என்றாள் ருக்மணி.

டம்ளர் அசையவில்லை. அவனுக்கு உண்மையிலேயே ஏமாற்றம். சரி, மாமனாருக்கு மருமகன் கை கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது? லேசாகத் தள்ளினான். வ... ர... வே... ண்... டா... ம்.

ருக்மணி பொலபொலவென்று அழுதாள். அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"அழாத. அப்பாவே சொல்லிட்டாரு."

"எங்கப்பா எங்க சொன்னாரு? அவரு படிச்சது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. பஸ் போர்டுகூட நான்தான் படிச்சுச் சொல்லணும்."

"அப்ப... இது?"

"வேற எவனோ! வழியில போற பேயை வூட்டுக்குள்ள கூப்புட்டு வச்சிட்டீங்க. நீங்க நைட் ஷிஃப்ட் போயிட்டா இந்தப் பேயோட நான் தனியா கிடக்கணுமா? எங்கம்மா தொணைக்கு வந்தாத்தான் ஆச்சு!"

"ஐயோ, பேயும் இல்ல, பிசாசும் இல்ல ருக்கு!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்:

"அப்ப டம்ளரைத் தள்ளுனது யாருங்க?"

சின்னராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு தளி பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.