தொண்ணூற்றெட்டாரின் காலப்பிழையற்ற கணினி

மனித குலம் காலத்தை வென்றுவிட்டது. இந்தச் செய்தி இதுவரை பத்திரிகைகளில் வராததற்குக் காரணம் பொறாமையாகத்தான் இருக்க வேண்டும். வென்ற இடம், ஒரு மூன்றாவது மாடி வீட்டின் ஓரத்து அறை. வென்றவர், குடிநீர் வாரிய அலுவலகத்தில் பதிவறைக் கண்காணிப்பாளர். வென்ற ஆயுதம், பழுப்பேறிப்போன ஒரு கம்ப்யூட்டர்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த எனக்கு மனசில்லை. ‘காலப்பிழையற்ற கணினிக் கழக’த்தில் யாருக்குமே சொந்தப் பெயர் கிடையாது. யார் எந்த வருஷத்துக் கம்ப்யூட்டரைக் கட்டுகிறாரோ, அந்த வருஷம்தான் அவர் பெயர். நம்மவர் 1998-ஐத் தேர்ந்தெடுத்தார். அன்று முதல் அவர் தொண்ணூற்றெட்டார் ஆனார்.

கழகத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு கம்ப்யூட்டரில் அதன் வருஷத்துக்குப் பின்னால் பிறந்த எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வயர் கூடாது, ஒரு திருகாணி கூடாது. ஒவ்வொரு சாமானிலும் எங்கேயாவது நான்கு எண்கள் பொடியாக அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். 9847 என்றால் தொண்ணூற்றெட்டாம் வருஷம், நாற்பத்தேழாவது வாரம். மற்ற கணவன்மார்கள் கல்யாண நாளை மறந்து அடிபடும்போது, தொண்ணூற்றெட்டார் தன் சவுண்ட் கார்டின் பிறந்த வாரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கல்யாண நாளையும் சொல்வார், ஆனால் கொஞ்சம் யோசிப்பார்.

அலுவலகத்தில் அவர் வேறு ஆள் என்பதையும் பெருமையோடு பதிவு செய்கிறேன். “என் மேசையில் உள்ள கணினி ஏழு வருடப் பழமையானது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பணியாற்றுவது இயலாத காரியம்” என்று மேலதிகாரிக்கு மூன்று மனுக்கள் கொடுத்தவர் அவர்தான். மூன்றாவது மனுவைக் கொடுத்த அன்று சாயங்காலம், இருபத்தைந்து வருஷப் பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்றை மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் கிடங்கிலிருந்து கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெட்டியை மூடப் பதினான்கு திருகாணிகள் தேவை. பதின்மூன்று கிடைத்துவிட்டன. பதினாலாவதைத் தேடி நான்கு மாதம் அலைந்தார். அந்த நான்கு மாதமும் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. குடிநீர் வாரியக்காரர் வீட்டுக் குழாய் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவும் எதற்கு? ஒரே ஒரு ஆட்டத்துக்கு.

தொண்ணூற்றெட்டில் அவருக்குப் பதினெட்டு வயசு, தம்பிக்குப் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில் ஒரு கார் பந்தயம் இருந்தது. சிவப்புக் கார் அண்ணன், நீலக் கார் தம்பி. அப்படித்தான் அவர் ஞாபகம். அந்தத் தம்பி இப்போது தூர தேசத்துக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் போகிறான். அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடும் அளவுக்குக்கூடப் பேச்சு இல்லை. போனில் “நல்லா இருக்கியா?” “நல்லா இருக்கேண்ணா” என்பதோடு மூச்சு நின்றுவிடும். இது தொண்ணூற்றெட்டாரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

“அவன் போறதுக்கு முன்னாடி அவன்கூட ஒரு ஆட்டம் ஆடிட்டேன்னா எல்லாம் சரியாயிடும்” என்றார் மனைவியிடம்.

“உட்கார்ந்து பேசினாலும் சரியாகுமே.”

“என்ன பேசறது?”

இந்தக் கேள்விக்கு மனைவியிடம் பதில் இருந்தது. ஆனால் பதில் நீளம் என்பதால் குழாயைப் பார்க்கப் போய்விட்டாள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகவும், மூன்று மணி ரயிலுக்குக் கிளம்புவதாகவும் சொன்னான். கழகத்தின் ஆய்வுக்குழுவும் அதே ஞாயிறுதான் வர முடியும் என்றது. ஆய்வு முடிந்து சான்றிதழ் வாங்காத கம்ப்யூட்டரில் ஆடக் கூடாது. மீறினால் ஒரு வருஷம் விலக்கு. தொண்ணூற்றெட்டார் கணக்குப் போட்டார். ஆய்வுக்கு ஒரு மணி நேரம், மிச்சமெல்லாம் ஆட்டம். அரசு அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்தவர், ஒரு குழு ஒரு மணி நேரத்தில் வேலையை முடிக்கும் என்று நம்பினார் பாருங்கள். பாசம் கண்ணை மறைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஞாயிறு காலை அறையைத் தொண்ணூற்றெட்டுக்குக் கொண்டுபோனார். எல்.இ.டி. விளக்கைக் கழற்றிக் குண்டு பல்பு மாட்டினார். இணையப் பெட்டியைப் பிடுங்கினார். வீட்டிலிருந்த செல்போன்களையெல்லாம் வாங்கி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினார்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “நமக்குக் கல்யாணம் ரெண்டாயிரத்து மூணுல. நானும் வெளியே போயிடவா?”

தொண்ணூற்றெட்டார் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

தம்பி சொன்ன நேரத்துக்கு வந்தான். “என்னண்ணா, எப்படி இருக்கே?” என்று உள்ளே வந்தவன், வளைந்த கண்ணாடி வைத்த அந்தப் பெரிய மானிட்டரைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “அடேங்கப்பா, அதே மாடல்.”

“மாடல் மட்டுமில்லடா. அதே மாசம்” என்றார் அண்ணன். அவருக்குக் கண் கலங்கியது. பதினாலாவது திருகாணி கிடைத்த அன்றுகூட அப்படிக் கலங்கவில்லை. “உட்காரு. ஆய்வு முடிஞ்சதும் ஆடறோம்.”

அறையில் நாற்காலி ஒன்றுதான். பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் கிடந்தது. தம்பி அதில் உட்கார்ந்தான்.

ஆய்வுக்குழு பதினொன்றரைக்கு வந்தது. தலைவர் பல் டாக்டர். செயலாளர் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் செருப்பைக் கழற்றும் முன் செல்போனைக் கழற்றினார்கள். தலைவர் தன் பையிலிருந்து கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்தார். கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் அதே கண்ணாடிதான். அதைப் பெட்டிக்குள் விட்டுச் சில்லுகளின் முதுகைப் படித்தார்.

“இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க. ம்ம், அப்படித்தான். 9831. எழுதிக்குங்க.”

செயலாளர் எழுதினார். “9831. சார், இடது பக்கம் ஆடுது.”

“பிடுங்க வேண்டாம். சுத்தம் பண்ணினாப் போதும்.”

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பாட்டரி வந்தது. கம்ப்யூட்டர் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள உள்ளே காசு அளவுக்கு ஒரு பாட்டரி இருக்கும். தொண்ணூற்றெட்டில் பிறந்த பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. செத்த பாட்டரியைத்தான் தொண்ணூற்றெட்டார் பயபக்தியோடு வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு முறை போடும்போதும் கம்ப்யூட்டர் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும்.

“புதுசு போட்டா காலப்பிழை. செத்ததை வெச்சா அது பாட்டரியே இல்ல. பாட்டரி இல்லாத கம்ப்யூட்டர் முழுக் கம்ப்யூட்டரா?” என்று தலைவர் கேட்டார்.

“பொணத்துக்கும் பிறந்த தேதி இருக்கு சார்” என்றார் செயலாளர். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களோடு மணிக்கணக்கில் பேசிப் பழகியவர்.

இந்த விவாதம் ஐம்பது நிமிஷம் நடந்தது. நடுவில் மனைவி டீ கொண்டுவந்தாள். தம்பி இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு தடவையும் “ஆச்சுடா, இதோ ஆச்சு” என்றார் அண்ணன். முடிவில், இறந்த பாட்டரி ‘கௌரவ உறுப்பு’ என்று ஏற்கப்பட்டது. மணி ஒன்றே முக்கால்.

“இனி ஆட்டம்தான்” என்றார் தொண்ணூற்றெட்டார். தேதியைத் தட்டினார். கம்ப்யூட்டர் கடகடவென்று உள்ளே எதையோ மென்றுவிட்டுப் பந்தயத்தைத் திரையில் காட்டியது. சிவப்புக் கார், நீலக் கார். ஆறு ஸ்பீக்கர் வேலை செய்யாமல் ஏழாவதாகக் கிடைத்த ஸ்பீக்கர் உறுமியது.

தம்பி அப்போதுதான் தன் பையைத் திறந்தான். ஒரு பழைய டவலில் சுற்றிய பொருளைப் பிரித்தான். ஜாய்ஸ்டிக். கருப்புக் கைப்பிடி, சிவப்புப் பொத்தான், பொத்தானில் கட்டை விரல் தேய்ந்த தழும்பு.

“டேய், இத வெச்சிருக்கியா இன்னும்?” என்றார் அண்ணன்.

“எத்தனை வீடு மாறினேன், இதை மட்டும் தூக்கிப் போடலண்ணா.”

அண்ணன் அதை வாங்கிக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகக் குனிந்தார். அங்கேதான் தலைவரின் கை குறுக்கே வந்தது.

“ஒரு நிமிஷம்.” கண்ணாடியை வைத்து ஜாய்ஸ்டிக்கின் அடியைப் பார்த்தார். “9903.”

செயலாளர் பேனாவை மூடினார். “தொண்ணூத்தொம்பது. மூணாவது வாரம்.”

“மூணு வாரம்தானே சார்” என்றார் தொண்ணூற்றெட்டார்.

“இன்னைக்கு மூணு வாரம்பீங்க. நாளைக்கு ஒருத்தர் மூணு மாசம்பார். பல்லுக்கு நடுவுல சின்ன இடைவெளிதானேன்னு விட்டா என்ன ஆகும்னு நான் தினமும் பாக்கறேன். செருகினா ஒரு வருஷம் விலக்கு. உங்க இஷ்டம்.”

ஒரு கையில் ஜாய்ஸ்டிக். எதிரே தம்பி. மேசையில், முத்திரை குத்தக் காத்திருக்கும் சான்றிதழ். இரண்டு வருஷ உழைப்பு, பதினான்கு திருகாணி. தொண்ணூற்றெட்டார் ஒரு பதிவறைக் கண்காணிப்பாளருக்குரிய நிதானத்தோடு முடிவெடுத்தார். ஜாய்ஸ்டிக்கைத் தம்பி மடியிலேயே வைத்தார்.

“சர்டிஃபிகேட் கைக்கு வரட்டும்டா. அதுக்கு முன்னாடி செயல்விளக்கம்னு இவங்களுக்கு இருபது சுத்து ஓட்டிக் காட்டணும். அதை நான் ஓட்டிடறேன். நீ பக்கத்துல உட்கார்ந்து பாரு. அப்புறம் நாம தொண்ணூத்தெட்டுல ஆடின மாதிரி ஆடலாம்.”

தம்பி சிரித்தான். கோபச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரித்தான். “தொண்ணூத்தெட்டுல நாம எங்கண்ணா ஆடினோம்?”

“என்னடா இது. நீ நீலக் கார்.”

“நீலக் காரை கம்ப்யூட்டர்தான் ஓட்டுச்சு. நீ என்னைக் கீபோர்டைத் தொடவே விடலியே. வருஷம் பூரா ஸ்டூல்ல உட்கார்ந்து பாத்துட்டுதான் இருந்தேன். நான் அழுத அழுகைல அப்பா எனக்குன்னு தனியா இதை வாங்கிட்டு வந்தார். தொண்ணூத்தொம்பதுல. டாக்டர் சார் சொன்னது கரெக்ட்.”

தலைவருக்குப் புல்லரித்துவிட்டது. “நேரடி சாட்சி. எழுதுங்க, எழுதுங்க. தம்பி, அந்த ஸ்டூல்?”

“அதேதான் சார். ஒரு கால் குட்டை.”

செயலாளர் குனிந்து ஸ்டூலை ஆட்டிப் பார்த்து, ‘ஆடுகிறது, ஏற்கப்பட்டது’ என்று எழுதினார்.

தொண்ணூற்றெட்டார் இருபது சுற்று ஓட்டினார். சிவப்புக் கார் எல்லாச் சுற்றிலும் ஜெயித்தது. நீலக் காரைக் கம்ப்யூட்டர் ஓட்டியது. அவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் திரும்பித் தம்பியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரும்பினால் கார் மோதிவிடும். செயல்விளக்கத்தில் மோதினால் மதிப்பெண் குறையும். அதனால் அவர் திரும்பவில்லை.

பதினேழாவது சுற்றில் கீழே டாக்சி ஹாரன் அடித்தது. தம்பி எழுந்தான். செயலாளர் மேசையிலிருந்த சான்றிதழை நீட்டினார். “பார்வையாளர் கருத்துன்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கு. ரெண்டு வார்த்தை எழுதிட்டுப் போங்க.” தம்பி எழுதினான். “வரேண்ணா. நீ ஓட்டு, நிறுத்தாதே” என்று அண்ணன் தோளைத் தொட்டுவிட்டு, வாசலில் அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போனான்.

“இருடா, இன்னும் மூணே சுத்து” என்றார் அண்ணன், திரையைப் பார்த்தபடி.

மூன்று சுற்றும் முடிந்தபோது ஸ்டூலில் ஜாய்ஸ்டிக் மட்டும் இருந்தது. தொண்ணூற்றெட்டார் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினார். தெருவில் டாக்சி இல்லை. போன் பண்ணலாம் என்றால் போன் வாஷிங் மெஷினுக்குள் இருந்தது. அவர் திரும்பி ஏறி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

மேலே குழு எழுந்து நின்றது. தலைவர் கனைத்துக்கொண்டார். கழகத்தின் வரலாற்றில் முதல் முறையாக நூற்றுக்கு நூறு. மரபுப்படி பார்வையாளர் கருத்தைச் செயலாளர் உரக்கப் படித்தார்.

“‘எல்லாம் அப்போ இருந்த மாதிரியே இருக்கிறது. அண்ணன் உட்பட.’”

“இதுக்கு மேல ஒரு பாராட்டு உண்டா?” என்று தலைவர் கை தட்டினார். செயலாளர் அங்கேயே இரண்டு மதிப்பெண் கூட்டி நூற்றிரண்டாக்கி முத்திரை குத்தினார்.

தொண்ணூற்றெட்டார் கை தட்டவில்லை. சான்றிதழை வாங்கியவர் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. இத்தனை வருஷத்தில் அதில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

மனைவி டீ கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “ஃப்ரேம் போட்டு மாட்டுங்க. அந்தக் கடைசி வரி மட்டும் மறையாமப் பாத்துக்குங்க.”