டாட் காம் மாத்திரையும் கரமனை நமஸ்காரமும்

தலையில் முடி குறையக் குறைய, கண்டதையும் நம்பும் குணம் மனிதனுக்குக் கூடிக்கொண்டே போகும். இருபத்தெட்டு வயதில் என் நெற்றி உச்சிவரை முன்னேறியிருந்தது. நம்பிக்கையும் அதே வேகத்தில்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மலையாள தேசத்துத் தலைநகரில், வலியசாலையில் வீடு; ஸ்டாச்சு சந்திப்பில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வந்த வரன்களெல்லாம் என் போட்டோவைப் பார்த்ததோடு நின்றுபோயின. கடைசியில் கரமனையில் ஒரு பெண்வீட்டார் நேரில் வரச் சொன்னார்கள். "இதுவும் தட்டிப்போச்சுன்னா உன் ஜாதகத்தைப் பரண்மேல போட்டுடுவேன்" என்றாள் அம்மா.

டாக்டரிடம் போகக் கூச்சம். இண்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து, முடி வளர மாத்திரை விற்கும் வெளிநாட்டு வலைத்தளம் ஒன்றைப் பிடித்தேன். மருந்துச் சீட்டு வேண்டாம், டாக்டர் ஆலோசனை இலவசம். வயது கேட்டது, சொன்னேன். நோய் உண்டா என்றது, இல்லை என்றேன். ஆலோசனை முடிந்தது. (நாக்கை நீட்டக்கூடச் சொல்லாத நல்ல டாக்டர்.)

மாத்திரை வந்தது. முடியும் வளர்ந்தது, காதுமடலிலும் புருவத்துக்கு மேலேயும். உச்சந்தலை அசையவில்லை. எழுந்து நின்றால் லேசாகக் கண் இருட்டியது. மருந்து தலைக்குள் இறங்குகிறது என்று மகிழ்ந்தேன். பெண் பார்க்கும் நாளில் அவசரத்துக்கு இரண்டாக விழுங்கினேன்.

கரமனை வீட்டுக் கூடம் நிறையப் பெரியவர்கள். "எல்லாருக்கும் நமஸ்காரம் பண்ணுடா" என்றாள் அம்மா. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கடைசி மாமாவை முடித்துக்கொண்டு நிமிரும்போது, காபித் தட்டோடு பெண் கோமதி எதிரே வந்தாள். கூடம் சுழன்றது. அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகச் சாய்ந்தேன்.

"ஐயோ, பொண்ணு கால்லயும் விழறானே!" என்றது ஒரு கிழக்குரல்.

கண் திறந்தபோது கோமதி என் நாடியைப் பிடித்திருந்தாள். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். சட்டைப் பையிலிருந்து விழுந்த மாத்திரை அட்டை இப்போது அவள் கையில்.

"பேட்ச் நம்பர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. பேரைப் பார்த்தா, ரத்தக் கொதிப்புக்காராளுக்குக் கொடுக்கற மருந்து. எந்த டாக்டராக்கும் எழுதித் தந்தார்?"

"இண்டர்நெட் டாக்டர்."

"கடை எங்கேயாக்கும்?" என்றார் அவள் அப்பா.

"டாட் காம்."

"அது சாலைக் கம்போளக் கடைத்தெருவிலயா, பாளையத்திலயா?"

"எங்கேயும் இல்லைப்பா. அதான் கஷ்டம்" என்றாள் கோமதி. "நாளைக்கு இவர் செத்தாலும் யார் கழுத்தைப் பிடிக்கறது?"

என்னிடம் திரும்பினாள். "எதுக்காக வாங்கினேள்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "உங்களுக்குப் பிடிக்கணுமேன்னு."

அவள் அப்பா என் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "ஒண்ணும் நினைச்சுக்காதீங்கோ மாமி. தலைசுத்தற பையன் வேண்டாம்."

"அப்பா, இந்த மாத்திரையை நிறுத்தினா தலை சுத்தறது நின்னுடும்" என்றாள் கோமதி. "வழுக்கை நிக்காது. சாரமில்லை, அது போனாப் போறது. நான் பார்த்துக்கறேன்."

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மைத்துனன் உரக்கச் சொல்கிறான்: "அத்திம்பேர் அன்னிக்கே அக்கா கால்ல விழுந்து கெஞ்சித்தானே பொண்ணு வாங்கினார்!" ரத்த அழுத்தம் இறங்கியது, மயக்கம் என்றெல்லாம் நானும் வருஷக்கணக்காக விளக்கிவிட்டேன். கடைசியில் எல்லாரும் கோமதியைப் பார்ப்பார்கள். மருந்து படித்தவள் அவள் ஒருத்திதானே.

"மாத்திரையாலன்னு சொல்லிண்டிருக்கார்" என்பாள். "எனக்கென்னமோ சந்தேகமாக்கும்."