லென்ஸ் மேடமும் நான் போட்ட பூக்களும்

பிற்பகல் இரண்டு இருபதுக்கு, என் கையெழுத்து என்னுடையது அல்ல என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சொன்னவர் லென்ஸ் மேடம். கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஹாஸ்டலில் அவர் மேட்ரன். உலகத்தில் எந்த அப்பாவையும் நம்பாத ஒரே பெண்மணி அவர்தான் என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அன்று காலை என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, நான்கு மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். "உள்ள போறதுக்கு முன்னாடி ஷீபாவை ஒரு தடவை பார்த்துடறேங்க" என்றாள். ஷீபா எங்கள் ஒரே மகள். மனைவி இன்று நன்றாக இருக்கிறாள்.

எங்கள் வீடு பொழிச்சலூரில். ஷீபா வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரலாம். ஆனால் முதலாண்டு முழுக்க ஹாஸ்டலில் தங்கியே தீரவேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரு பெண் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் அப்பா லீவுச் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அட்மிஷன் அன்று கார்டில் போட்டுக்கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே மேடம் கழுத்தில் கறுப்பு நாடா கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எந்த மாணவிக்கும் தெரியாது.

ஒருமுறை துணைவேந்தரின் சுற்றறிக்கையையே "இது அவர் போட்டதில்ல" என்று திருப்பி அனுப்பினாராம். பாவம், அவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். நேரில் வந்து கட்டைக் காட்டிய பிறகுதான் அது நோட்டீஸ் போர்டில் ஏறியது. இன்னொரு முறை ஒரு பெண் அச்சு அசலாக அப்பா கையெழுத்தைப் போட்டு நீட்டினாள். "கார்டுல இருக்கிற மாதிரியே இருக்கேம்மா. எந்த அப்பாவும் ரெண்டு வாட்டி ஒரே மாதிரி போடமாட்டார். போ, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டாராம் மேடம்.

இவரிடம்தான் என் சீட்டை நீட்டினேன். என் கையெழுத்து சாதாரண நாளிலேயே ஓடும் பஸ்ஸில் போட்ட கோலம் மாதிரி இருக்கும். அன்று அவசரம் வேறு. மேடம் சீட்டைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னையும் லென்ஸ் வழியாகத்தான்.

"சார், நீங்க யாரு?"

"ஷீபாவோட அப்பா மேடம். அவங்கம்மாவுக்கு ஆபரேஷன்..."

"எல்லா அப்பாவும் ஆஸ்பத்திரின்னுதான் சொல்றாங்க. கையெழுத்து அப்படிச் சொல்லலியே."

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், சொந்தப் பேரைப் போடறதுக்கு இம்மாம் பேஜாரா?"

"பொண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்க மேடம்" என்றேன்.

"பொண்ணுங்க யாரை வேணும்னாலும் அப்பான்னு சொல்லும் சார். போன மாசம் ஒருத்தி ஆட்டோ டிரைவரை அப்பான்னா" என்றபடி மேடம் கார்டை என் பக்கம் திருப்பினார்.

என் பெயர்தான். ஆனால் சுழித்துச் சுழித்து, கடைசியில் ஒரு குட்டிப் பூவாக முடிந்திருந்தது. அது ஷீபாவின் கை.

அந்த ஹாஸ்டலின் சம்பிரதாயம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அட்மிஷன் அன்று அப்பாக்கள் சான்றிதழ் வரிசையில் நிற்கும்போது, சீனியர் பெண்கள் புதிதாய் வருகிறவளின் காதில் ஓதுவார்களாம்: "கார்டை உங்கப்பாகிட்ட குடுக்காதடி. நீயே போட்டுடு. வருஷம் பூரா உன் லீவு உன் கையில." இப்படியாக அங்கே இல்லாத அப்பாக்கள் சுலபமாகக் கையெழுத்துப் போட்டார்கள். நிஜ அப்பாக்கள் கேட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா? போலிக் கையெழுத்துப் போட்டவள் ஹாஸ்டலிலிருந்து நீக்கப்படுவாள் என்று என் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஹாஸ்டல் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

"அது நான் போட்டதுதான் மேடம்."

"பூவெல்லாம் போட்டிருக்கீங்க?"

"பொண்ணு காலேஜ் சேர்ந்த சந்தோஷம் மேடம்."

வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"சரி, அதே சந்தோஷத்தோட இன்னொண்ணு போடுங்க, பார்ப்போம்."

ஐம்பது வயதில், மனைவி ஆபரேஷனுக்குக் காத்திருக்க, ஒரு பழைய நோட்டீஸின் முதுகில் நான் பூப் போட்டுப் பழகினேன். முதல் பூ ஆணி மாதிரி வந்தது. ஐந்தாவதைப் பார்த்துவிட்டு, "காலிஃபிளவரா சார்?" என்று கேட்டார் மேடம்.

அப்போது மனைவியின் தம்பி போன் செய்தான். "மாமா, உடனே வாங்க. டாக்டர் உங்களைத்தான் கேக்கறாங்க. அக்கா ஷீபா எங்கன்னு அழுவுது."

பழைய போன்; பேசியது கேட் வரை கேட்டிருக்கும். மேடம் லென்ஸைக் கீழே விட்டார். "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். சொன்னேன். "நீங்க கிளம்புங்க சார்."

அவ்வளவுதான். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வெறுங்கையோடு ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் மனைவியிடம் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்தேன், ஒன்றும் தேறவில்லை.

மூன்று ஐம்பதுக்கு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்துவிட்டார்கள். மனைவி என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். படிகளில் தடதடவென்று சத்தம். அழுது வீங்கிய முகத்தோடு ஷீபா ஓடிவந்தாள். அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி, மூச்சுவாங்க, பின்னாலேயே லென்ஸ் மேடம்.

"கையெழுத்து சேராதவர்கிட்ட பொண்ணை ஒப்படைக்க முடியாது சார்" என்றார். "அதான் நானே கூட்டிட்டு வந்துட்டேன். கார்டுல யார் போட்டதுன்னு இனி நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம்."

பிறகு பிடியைத் தளர்த்தி, ஷீபாவை ஸ்ட்ரெச்சர் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"போம்மா, அம்மாவைப் பாரு. அட்டெண்டன்ஸ்ல இன்னைக்கு நீ ஹாஸ்டல்லதான் இருக்கே."