சேவியர் அண்ணனின் மரக்கவிதை

கையெழுத்துப் போட்டுத் தரும் புத்தகத்தை நான் படிப்பதில்லை. பத்து நாள் கழித்து எழுதியவர் கேட்டால், முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு "அருமைண்ணே" என்பேன். (தமிழ் வாத்தியார் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அந்த வெட்கமெல்லாம் சேவியர் அண்ணனின் இரங்கல் கூட்டத்தோடு போய்விட்டது.)

சேவியர் அண்ணன் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தவர், எங்கள் தெருக்காரர். கடையில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடியே மரங்களைப் பற்றி மட்டும் கவிதை எழுதினார். அவர் தந்த புத்தகத்துக்கு மூன்று முறை "அருமைண்ணே" சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

போன வருடம் திடீரென்று போய்விட்டார். அவர் மனைவி ரோஸி அக்கா என்னிடம், "தம்பி, கூட்டத்துல அவரு கவிதை ஒண்ணு நீங்கதான் வாசிக்கணும். ஒங்க குரல் அவருக்குப் பிடிக்கும்" என்றார். "சரிக்கா" என்றுவிட்டேன். வீட்டில் புத்தகத்தைத் தேடினேன், அகப்படவில்லை. போனில் தேடியபோது அண்ணனின் படத்தோடு ஒரு கவிதை கிடைத்தது. வெட்ட ஏறி வந்தவனிடம், 'கால் வலிக்கிறதா?' என்று மரம் விசாரிக்கிறது. படித்துவிட்டு நிஜமாகவே அழுதேன்.

கூட்டத்தில் அதை வாசித்தபோதும் அழுதேன். அத்தோடு இறங்கியிருக்கலாம். "மரத்தை இவ்வளவு நேசித்தவரால்தான் இப்படி எழுத முடியும். இங்கே இருக்கும் நம்மில் யாருக்காவது இதில் ஒரு வரி வருமா?" என்று, முன்வரிசையில் இருந்த ஒருவரை நோக்கிக் கையை வேறு நீட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இறங்கி வந்ததும் ரோஸி அக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது அவரு எழுதுனதில்ல. நீங்க கை நீட்டுனீகளே, பேச்சிமுத்து அண்ணே, அவரு எழுதுனது. போடிமெட்டு எஸ்டேட்டுல மரமேறிக் கெளை கழிக்கிற சோலி பாத்தவரு. அவரு பேரப் போட்டு இவரு புத்தகத்துல மொதப் பக்கத்துலயே அச்சடிச்சிருக்காரே, பாக்கலியா?"

காது மடல் சுட்டது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் இன்னும் நிமிரவில்லை. திரும்ப மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "கவிதை பேச்சிமுத்து அண்ணனுடையது. நான் புத்தகத்தைப் படிக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தது ரோஸி அக்காதான். சிரித்து முடிப்பதற்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கூட்டம் முடிந்ததும் பேச்சிமுத்துவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார்" என்றார். "மரத்து மேல நிக்கையில கவிதையெல்லாம் வராது. புடிமானம் ஒண்ணுதான் நெனப்புல இருக்கும். எறங்குன பெறகு சேவியருகிட்டச் சும்மா சொன்னேன். அவன்தான் எழுதி வச்சுக்கிட்டான்." அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடைக்கு மேடை ஏம் பேரச் சொல்லி வாசிப்பான். இனிமே சொல்ல ஆளில்லைன்னு நெனச்சுக்கிட்டுதான் இன்னைக்கு வந்தேன். நீங்க சொல்லிட்டீக."



என் மனைவிக்கும் இந்தக் கதை தெரியும். சாப்பிடும்போது நான் குழம்பைப் பாராட்ட வாயெடுத்தாலே, "வச்சது யாருன்னு கேட்டுட்டு அழுங்க" என்கிறாள். பெரும்பாலும் அது எதிர்வீட்டுக் குழம்பாகத்தான் இருக்கிறது.